முதல் படமும் கேட்டுக்காரரும்

போன மாதம் ஒரு தம்பி போன் பண்ணினார். கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவர். தன் தெருவில் மாலை நேர வகுப்பு நடத்துகிறார். "அண்ணா, எங்க பசங்கள்ல பாதிப் பேரு தியேட்டர் உள்ள போனதே இல்ல. கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம். ஆனா நம்ம டைரக்டர்ஸ் படம் ஒண்ணு வர்ற வரைக்கும் வெயிட் பண்ணலாம்னு பாக்குறோம். மொதப் படமே நம்ம படமா இருக்கணும்ல?" என்றார்.

வேண்டாம் தம்பி, சிரிக்கிற மாதிரி ஏதாவது ஒரு படத்துக்குக் கூட்டிப் போ என்றேன். அவருக்கு முகம் வாடியது போனிலேயே தெரிந்தது. "நீங்களே இப்படிச் சொன்னா எப்படிண்ணா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் போனில் முடிகிற பதிலாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் முதலில் படம் பார்த்தது டூரிங் டாக்கீஸில். எங்கள் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். பொழுது சாயும்போது கூம்பு ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவார்கள். குறிப்பிட்ட ஒரு சாமி பாட்டு வந்தால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பாட்டு வருவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். தரை டிக்கெட். முன்னால் இருப்பவர் தலை மறைக்கிறதென்று அப்பா மணலைக் கூட்டிக் குவித்து மேடை மாதிரி ஆக்கி அதன்மேல் என்னை உட்கார வைத்தார். படத்தின் பெயர் நினைவில்லை. ஒரு குதிரை ஓடியது, நான் அலறினேன், பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா முறுக்கு கொடுத்தார்கள். இவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது.

நன்றாக ஞாபகம் இருப்பது திரும்பி வந்த வழி. நான் படத்தில் வந்த பாட்டைக் கத்திக்கொண்டே வந்தேன். அப்பாவும் கூடவே தாளம் போட்டார். ஊர்த்தெரு முனை வந்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வாய மூடுடா, ஊரு வந்துடுச்சு" என்றார். ஊர்த்தெருவைத் தாண்டி, புளியமரத்தையும் தாண்டிய பிறகு, "இப்ப பாடு" என்றார். எனக்குப் பாட்டு மறந்து போயிருந்தது.

பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படத்தை அரசியல் ஊடகமாக ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட நூலில் முக்கியமான ஒன்றைச் சொல்கிறார். தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்பார். யார் எங்கே உட்காருவது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, கையிலிருந்த காசு தீர்மானித்தது என்பது அவர் வாதம். யோசித்துப் பாருங்கள். சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டியது 1914இல். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம்மவர்கள் நுழைந்தது 1939 ஜூலையில். இடையில் 25 ஆண்டுகள். சாமி நம்மை உள்ளே விடுவதற்கு முன்பே சினிமாக்காரன் டிக்கெட் விற்கத் தொடங்கிவிட்டான். காசுக்காகத்தான் விற்றான், சமத்துவத்துக்காக அல்ல. இருந்தாலும் அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் சிவத்தம்பி சொன்னதோடு நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன். காசு தீர்மானித்தது என்றால், காசு யாரிடம் இருந்தது? தரை டிக்கெட்டில் யார் இருந்தார்கள், சேர் டிக்கெட்டில் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் ஊர்ப்படமும் கொட்டகைப் படமும் ஏறக்குறைய ஒன்றுதான். கூரை ஒன்றாக இருந்தது. கொட்டகைக்கு வருகிற வழியும் போகிற வழியும் ஒன்றாக இல்லை. என் பாட்டு மறந்துபோனது அந்த வழியில்தான்.

இதெல்லாம் பழைய கதை என்று சொல்பவர்களுக்கு 2023 மார்ச் 30ஆம் தேதியை நினைவுபடுத்துகிறேன். கோயம்பேடு ரோகிணி திரையரங்கில் 'பத்து தல' படத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு குழந்தைகளோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தைக் கேட்டில் நிறுத்தினார்கள். கையில் டிக்கெட் இருக்கிறது, நீட்டுகிறார்கள், உள்ளே விடவில்லை. யாரோ வீடியோ எடுத்து அது பரவிய பிறகு திரையரங்கம் சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? படத்துக்கு யு/ஏ சான்றிதழ், 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் இருந்ததால் ஊழியர்கள் நிறுத்தினார்களாம். எத்தனை யு/ஏ படங்களுக்கு எத்தனை கைக்குழந்தைகளை நாம் தியேட்டரில் பார்த்திருக்கிறோம்! அந்தக் குழந்தைகளை யாரும் வயது கேட்டதில்லை. பிறகு அந்தக் குடும்பம் உள்ளே போய்ப் படம் பார்த்தது உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைகளில் யாருக்காவது அது முதல் படமாக இருந்திருந்தால், வாழ்நாள் முழுக்க அவர்கள் நினைவில் இருக்கப்போவது சிம்புவா, அந்தக் கேட்டா?

அதனால்தான் சொல்கிறேன், யு/ஏ என்றால் என்னவென்று குழந்தைகளைக் கூட்டிப்போகிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அது தடை இல்லை, பெற்றோருக்கான எச்சரிக்கை. இப்போது அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த வயதுக் குறியீடு பெற்றோரோ பாதுகாவலரோ முடிவெடுப்பதற்காகத்தான், வேறு யாரும் அதை வைத்துத் தடுக்க முடியாது என்று 2023 திருத்தச் சட்டமே சொல்கிறது. 'ஏ' சான்றிதழ் படத்துக்கு மட்டும்தான் 18 வயதுக்கு உட்பட்டவர்களை நிறுத்தலாம், நிறுத்தவும் வேண்டும். இதில் நம் தோழர்கள் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. மாலை வகுப்பு நடத்துகிற நீங்கள் பெற்றோரும் இல்லை, பாதுகாவலரும் இல்லை. கேட்டில் ஒருவன் "இந்தப் பசங்களுக்கு நீ யாரு?" என்று கேட்டால் "அண்ணன்" என்ற பதில் போதாது. இரண்டு மூன்று அம்மாக்களையாவது கூட அழைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பலருக்கும் தியேட்டர் பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும்.

இனி எங்கள் கதை. 2024 டிசம்பர், அரையாண்டு விடுமுறை. எங்கள் மன்றத்து மாலை வகுப்புப் பிள்ளைகள் 17 பேர், ஐந்து வயது முதல் பதினொன்று வரை. கூட மூன்று அம்மாக்கள், இரண்டு கல்லூரி மாணவர்கள், நான். வீட்டுக்கு 50 ரூபாய் கொடுத்தார்கள், மிச்சத்தைப் பையன்கள் போட்டார்கள். படம் 'முஃபாசா', தமிழில் பேசும் சிங்கப் படம். தேர்வு என் மேல்தான் வந்தது. ஹாலிவுட் படமா என்று கேட்ட ஒரு தோழர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

கேட்டில் நின்றவர் டிக்கெட்டைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். "எந்த ஊரு?" என்றார். சொன்னோம். "ஊரா, காலனியா?" என்றார். இரண்டே சொல். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை எடுத்துவிடுவோம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தது அடுத்த ஏப்ரலில்தான். முன்னாலேயே அறிவித்திருந்தாலும் அவர் கேட்டிருப்பார், வேறு சொல்லில். "முன்னாடி மூணு வரிசையில போய் உக்காருங்க" என்றார். எங்கள் டிக்கெட்டில் இருந்தது பின்வரிசை எண்.

இந்த இடத்தில் இளைஞர்கள் பொதுவாக என்ன செய்வார்கள்? எல்லோரும் சேர்ந்து சண்டை போடுவார்கள். நியாயமான சண்டை. ஆனால் 17 பிள்ளைகள் கேட்டில் நின்று அதை வேடிக்கை பார்ப்பார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு அரசியல் சட்டம் புரியாது. தன்னால்தான் அண்ணனைத் திட்டுகிறார்கள் என்று மட்டும் புரியும். நாங்கள் முன்னாலேயே ஒன்று பேசிவைத்திருந்தோம். பிரச்சினை வந்தால் ஒருவர் நிற்க வேண்டும், மற்றவர்கள் பிள்ளைகளோடு நகர்ந்துவிட வேண்டும். அதன்படி அம்மாக்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு டிக்கெட்டில் இருந்த எண்ணுக்கே போய் உட்கார்ந்துவிட்டார்கள், கேட்காமலேயே. நானும் ஒரு தம்பியும் கேட்டில் நின்றோம். தம்பி போனில் வீடியோவை ஓட விட்டார். அவர் பெயரைக் கேட்டோம். எதற்காக முன்வரிசை என்று காரணம் கேட்டோம். "சின்னப் பசங்க, சீட்ட நாசம் பண்ணுவாங்க" என்றார். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு குடும்பத்தில் மூன்று சின்னப் பசங்க இருந்தார்கள். அவர்கள் ஊர் எது என்று அவர் கேட்கவில்லை. அதையும் வீடியோவில் சொல்லிக் காட்டினோம். மேலாளர் வந்து "தம்பி, தெரியாம சொல்லிட்டாரு, போய்ப் படம் பாருங்க" என்று சமாதானம் செய்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரசியல் சட்டத்தின் 15(2) கடை, உணவகம், விடுதி இவற்றோடு பொதுப் பொழுதுபோக்கு இடங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1955 குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தத்தில் 3(1)(இசட்ஏ) என்ற பிரிவு, பொதுப் பொழுதுபோக்கு இடத்துக்குள் நுழைவதைத் தடுப்பதை வன்கொடுமையாகவே பட்டியலிடுகிறது. 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. நரிக்குறவர்களும் 2023 ஜனவரி முதல் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அது சாட்சி. நாங்கள் புகார் கொடுத்தோமா என்று கேட்பீர்கள். கொடுக்கவில்லை. மூன்று அம்மாக்களில் ஒருவரின் வீட்டுக்காரர் அந்தத் திரையரங்குக்குப் பக்கத்துக் கடையில் வேலை செய்கிறார். அந்த அம்மா வேண்டாம் என்றார். சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

தின்பண்டம் பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் கொண்டுபோன முறுக்கையும் எலுமிச்சை சாதத்தையும் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். அதில் அவர்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. வெளி உணவைத் தடுக்கும் உரிமை அரங்க உரிமையாளருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆனால் குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனோம். இடைவேளையில் பாப்கார்ன் விலையைக் கேட்டு ஒரு ஆறு வயதுப் பையன், "அண்ணா, இந்தக் காசுக்கு ஒரு மூட்ட சோளமே வாங்கலாம்" என்றான். அவன் அம்மா சோளக்காட்டில் கூலி வேலை செய்கிறவர்.

உள்ளே விளக்கு அணைந்ததும் ஐந்து வயதுப் பாப்பா அழத் தொடங்கியது. சத்தமும் பெரிது. காதைப் பொத்தி மடியில் வைத்துக்கொண்ட பிறகு சரியாயிற்று. மடக்கு சீட்டுக்குப் பிள்ளைகளின் எடை போதவில்லை. உட்கார்ந்தவுடன் சீட்டு மடங்கி அவர்களை விழுங்கிவிடுகிறது, காலும் தலையும் மட்டும் வெளியே தெரிகின்றன. இதற்கே அரைமணி நேரம் சிரித்தார்கள். சிங்கம் வராமலிருந்தாலும் அவர்களுக்குக் காசு வீணாகியிருக்காது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் முதல் நாள் முதல் காட்சிக்கு மட்டும் போகாதீர்கள். கட்-அவுட்டும் பட்டாசும் தள்ளுமுள்ளும் அவர்களுக்கு வேண்டாம். விடுமுறை நாளின் பகல் காட்சியே சரி. வழியோரச் சீட்டாக வாங்குங்கள், இரண்டு பேருக்குக் கட்டாயம் ஒன்றுக்கு வரும்.

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். ஏன் நம் படம் வேண்டாம்?

'பரியேறும் பெருமாள்' தமிழ் சினிமாவில் நடந்த பெரிய விஷயம். 'கர்ணன்' அப்படித்தான். 2012இல் 'அட்டகத்தி' வந்ததிலிருந்து, திரையில் நம் தெருவைப் பார்த்து நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அதற்கு முன் நாற்பது ஐம்பது வருடம் நாம் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து கைதட்டியது யாருக்கு என்று நமக்குத் தெரியும். நாட்டாமைகளுக்கும் கவுண்டர்களுக்கும் தேவர்களுக்கும் விசில் அடித்தோம். அந்த விசிலை நான் மறக்கவில்லை, நானும் அடித்தவன்தான். ஆனால் தோழர்களே, 'பரியேறும் பெருமாள்' நாயைத் தண்டவாளத்தில் கட்டிக் கொல்வதில் தொடங்குகிறது. 'கர்ணன்' நடுரோட்டில் வலிப்பு வந்து துடிக்கும் ஒரு பெண் பிள்ளையிடம் தொடங்குகிறது, பஸ்கள் நிற்காமல் போகின்றன. இந்தக் காட்சிகள் யாருக்காக? பார்த்தும் பார்க்காமல் போனவர்களுக்காக. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களுக்காக. நம் ஆறு வயதுப் பிள்ளைக்காக இல்லை. அந்தப் பிள்ளைக்கு அது செய்தி இல்லையே. எங்கள் தெருவில் ஏழு வயதுப் பாப்பா ஒன்று, டிவியில் கருப்பி செத்ததைப் பார்த்த பிறகு, தன் வீட்டு நாயை இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேயே கட்டி வைத்திருந்தது. வெளியே விட்டால் ரயிலில் கட்டிவிடுவார்களாம். எங்கள் ஊரில் ரயிலே கிடையாது.

'வாழை' படத்தையும் சிறுவர்கள் நடித்ததால் சிறுவர் படம் என்று நினைத்துக் கூட்டிப்போனவர்கள் இருக்கிறார்கள். அதன் முடிவைப் பார்த்த யாரும் அதை ஆறு வயதுக்கு உரியது என்று சொல்லமாட்டார்கள். 'காக்கா முட்டை' வேறு. பீட்சா கடைக்குள் போக முடியாத இரண்டு பையன்கள், அடிவாங்குகிறார்கள், ஆனாலும் படம் முழுக்கச் சிரிக்கிறார்கள், சிரிக்க வைக்கிறார்கள். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு அதைத் தாராளமாகக் காட்டலாம். அவர்களே பேசத் தொடங்குவார்கள். மற்றவை பதினைந்து வயதில் பார்க்கட்டும், நாமும் பக்கத்தில் இருப்போம்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வரும். இயக்கத்தில் மூத்தவர் ஒருவர் எங்களைக் கேட்டார்: "சினிமா பாத்து நம்ம சனம் கெட்டது போதாதா? அந்தக் காசுக்கு ரெண்டு நோட்டு வாங்கிக் குடுங்கடா." அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ரசிகர் மன்றக் கொடிக் கம்பத்துக்குச் செலவழித்த நேரத்தை நம் தலைமுறை படிப்பில் செலவழித்திருக்கலாம்தான். ஆனால் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற எல்லாமே நோட்டாகவும் பாடமாகவும் முன்னேற்றமாகவும்தான் இருக்க வேண்டுமா? ஊர்ப் பிள்ளை வேடிக்கைக்காக ஒரு படத்துக்குப் போகலாம், நம் பிள்ளை மட்டும் விழிப்புணர்வுக்காகத்தான் போக வேண்டுமா? விளையாடவும் ஓய்வெடுக்கவும் கலையில் பங்கெடுக்கவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்று ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியா அதை ஏற்றது 1992இல். சும்மா சந்தோஷமாக இருப்பதும் நம்மிடமிருந்து பறிக்கப்பட்ட ஒன்றுதான். அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படம் போடும் திட்டம் 2022இல் தொடங்கியது நல்ல விஷயம். ஆனால் வகுப்பறைச் சுவரில் பார்ப்பதும், பணம் கொடுத்து டிக்கெட் வாங்கி எண் போட்ட சீட்டில் கால் ஆட்டிக்கொண்டு பார்ப்பதும் ஒன்றில்லை.

ஒரு ஆச்சரியம் சொல்கிறேன். அரசியல் இல்லாத படம் என்று நினைத்துத்தான் சிங்கப் படத்துக்குக் கூட்டிப்போனேன். கதையில் வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட குட்டியாக முஃபாசா வேறு ஒரு கூட்டத்துக்கு வந்து சேர்கிறது. அந்தக் கூட்டத்தின் ராஜா சிங்கம் அதைச் சேர்த்துக்கொள்ள மறுக்கிறது. ராஜ ரத்தம் இல்லை, எங்கிருந்தோ வந்தது என்று தள்ளி வைக்கிறது. திரையில் இது ஓடும்போது என் பக்கத்தில் ஒரு எட்டு வயதுப் பையன் கேட்டான், "ஏன்டா அந்தச் சிங்கம் சேத்துக்க மாட்டேங்குது? ரெண்டும் சிங்கம்தான?" அவனுக்கு அடுத்திருந்த சிறுமி, ஒன்பது வயது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அது ஊரு சிங்கம்டா. இது நம்ம சிங்கம்."

நான் எந்த வகுப்பும் எடுத்திருக்கவில்லை. இடைவேளையில்கூட ஒன்றும் பேசவில்லை. படம் முடியும்வரை "நம்ம சிங்கம்" என்றுதான் அந்த வரிசை முழுக்கக் கத்தியது.

திரும்பும்போது டவுன் பஸ் ஊர் முனை வரைதான் வந்தது. அங்கிருந்து ஊர்த்தெரு வழியாகத்தான் நடக்க வேண்டும். பதினேழு பேரும் சிங்கமாகிவிட்டிருந்தார்கள். நாலு காலில் பாய்ந்து, உறுமிக்கொண்டு, ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு வந்தார்கள். திண்ணையில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். எனக்கு 40 வயது தாண்டிவிட்டது. 20 வருடமாக மேடையில் பேசுகிறேன். ஆனாலும் என் கை எழும்பி, முன்னால் போன பையனின் வாயைப் பொத்தப் போனது. கை அவன் தோள்வரை போய் நின்றது. அவன் திரும்பி என்னைப் பார்த்து உறுமினான். திண்ணையிலிருந்து ஒருவர், "எங்கடா போய்ட்டு வர்றீங்க?" என்றார். "சினிமாவுக்கு!" என்று பத்துக் குரல் கேட்டது. ஒன்றுமே நடக்கவில்லை. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போனார். நாங்கள் புளியமரத்தைத் தாண்டினோம், உறுமல் நிற்கவில்லை.

தம்பி, உங்கள் பிள்ளைகளை எந்தப் படத்துக்குக் கூட்டிப்போவது என்பதை அவர்களிடமே கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் அடுத்த விடுமுறைக்கு இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தமுறை 26 பேர், டவுன் பஸ் ஒத்துவராது. வேன் ஏற்பாடு செய்து தர முடிந்த தோழர்கள் சொல்லுங்கள், டீசல் நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.